மஞ்சள் ஒயருக்கு ஒரு காவல்காரன்!
8 கால் 'சிப்' செய்யும் இரட்டை வேலை

டி.வி.டி. பெட்டியிலிருந்து டெலிவிஷனுக்குப் போகும் மஞ்சள் ஒயரைப் பார்த்திருப்பீர்கள். படம் முழுவதும் அந்த ஒரே ஒயர் வழியாகத்தான் ஓடுகிறது!

அந்த ஒயரின் வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் ஒரு 'சிப்'. நீளம் சுமார் 5 மில்லி மீட்டர். சட்டைப் பொத்தானில் பாதி! கால்கள் 8.

அவனுக்கு இரண்டு வேலை. ஒன்று, வடிகட்டுவது. மற்றொன்று, தள்ளி விடுவது.

எதை வடிகட்டுகிறது?

டி.வி.டி. தட்டில் படம் எண்களாக இருக்கிறது. பெட்டி அந்த எண்களை மின்சாரமாக மாற்றுகிறது. பல பெட்டிகளில் இது வினாடிக்கு 2 கோடியே 70 லட்சம் முறை நடக்கிறது!

இப்படி வரும் மின்சாரம் வழவழப்பாக இராது. மாடிப்படி போல ஏறி இறங்கும். படத்துக்கு வேண்டாத வேகமான அதிர்வுகளும் அதோடு சேர்ந்து வரும்.

பழைய ரக டெலிவிஷன் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 60 லட்சம் அதிர்வுகள் வரை போதும். அதற்கு வெகு மேலே இருப்பது எல்லாம் குப்பை. காபி வடிகட்டி தூளை நிறுத்தி, டிக்காஷனை மட்டும் விடுகிறது அல்லவா? அது போலவே சிப்பும் குப்பையை நிறுத்தி, படத்தை மட்டும் விடுகிறது.

பாதி போய்விடும்!

ஒயரின் இரண்டு முனைகளிலும் 75 ஓம் மின்தடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் முனையில் மோதித் திரும்பும். நீளமான ஒயரானால், உருவத்தின் அருகே நிழல் உருவம் தெரியும்.

மின்தடையை வைத்தால் வேறு தொல்லை. வோல்ட்டில் பாதி அங்கேயே போய்விடும்.

வழியில் பாதித் தண்ணீர் சிந்தும் என்று தெரிந்தால், ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் எடுத்துப் போவோம். சிப்பும் அதைத்தான் செய்கிறது. டெலிவிஷனுக்கு வேண்டியது 1 வோல்ட். சிப் 2 வோல்ட்டாகத் தள்ளுகிறது. பாதி போனாலும் 1 வோல்ட் போய்ச் சேருகிறது!

மூன்று ஒயர், ஒரே சிப்

முன்பு இந்த வேலைக்குக் கம்பிச்சுருள், கண்டென்சர், டிரான்சிஸ்டர் எல்லாம் தனித்தனியே வேண்டியிருந்தன. 'டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' கம்பெனியின் டி.எச்.எஸ். 7314 என்ற ஒரே சிப், 3 ஒயர்களுக்கும் வடிகட்டித் தள்ளிக் கொடுக்கிறது.

புதிய டெலிவிஷன்களுக்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் வந்துவிட்டது. அதில் படம் எண்களாகவே போகிறது. ஆனால் காரைப் பின்னால் எடுக்கும்போது வழி காட்டும் காமிராக்களில் பல, இன்றும் பழைய முறையிலேயே படம் அனுப்புகின்றன.

காருக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்கலாம். அந்தப் படம் மங்கக் கூடாது, நிழலாடக் கூடாது. பொத்தானில் பாதி அளவுள்ள சிப், ஓர் உயிருக்கும் காவல் நிற்கிறது!