ஐந்து சங்கங்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

இட்லி மாவைக் கரண்டியால் கலக்கக் கலக்க இளகும்; கலக்குவதை நிறுத்தி ஓரமாக வைத்தால் பழையபடி கெட்டிப்படும். பெயின்ட், ரத்தம், தக்காளி சாஸ் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விதத்தில் இந்தக் குணம் உண்டு. இப்படிப்பட்ட பொருள்களின் ஓட்டத்தை ஆராயும் துறைக்கு ரியாலஜி என்று பெயர். அமெரிக்காவில் 1929-இல் இதற்கென்று ஒரு சங்கம் பிறந்தது. சின்னச் சங்கம். ஆனாலும் தனக்கென ஒரு ஆய்விதழ் தொடங்கியது. அதே ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1932-உடன் அந்த இதழ் நின்றுபோனது.

ஆனால் சங்கம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் 1931-இல் உருவான ஒரு கூட்டமைப்பு: அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபிசிக்ஸ். சுருக்கமாக ஏ.ஐ.பி.

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இயற்பியல் கிளைவிட்டுக்கொண்டிருந்த காலம். ஒளியியல்காரர்கள் 1916-இலேயே தனிச் சங்கம் கண்டுவிட்டார்கள். திரைப்படம் பேசத் தொடங்கிய வேளையில் ஒலியியல்காரர்கள் பிரிந்து நின்றார்கள். இயற்பியல் ஆசிரியர்களும் தங்களுக்கென்று ஒரு சங்கம் கேட்டார்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி அச்சகம், தனிச் சந்தாப் பட்டியல், தனிக் கணக்கு. பங்குச் சந்தைச் சரிவைத் தொடர்ந்து பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் இந்தத் தனித்தனிக் கணக்குகள் எல்லாம் ஒரேபோலத் தள்ளாடின. பெரிய சங்கமான அமெரிக்க இயற்பியல் கழகமே, கட்டுரை எழுதியவரின் நிறுவனத்திடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கத் தொடங்கியிருந்தது.

வழி காட்டியது கெமிக்கல் ஃபவுண்டேஷன். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து பறிமுதலான வேதியியல் காப்புரிமைகளைக் கையாண்டு வருமானம் பார்த்த அமைப்பு அது. ஒன்றுகூடுங்கள் என்று இயற்பியல் சங்கங்களைத் தூண்டி, தொடக்கப் பணத்தையும் தந்தது. எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன் கூட்டமைப்பின் முதல் தலைவரானார். 1932-இல் முறைப்படி பதிவானபோது ஐந்து சங்கங்கள், சுமார் 4,000 உறுப்பினர்கள்.

அன்று கூட்டமைப்பு செய்த வேலையில் பளபளப்பு எதுவும் இல்லை. அச்சகத்தோடு விலை பேசும், பிழை திருத்தும், சந்தா வசூலிக்கும், முகவரிப் பட்டியல் வைத்திருக்கும், இதழைத் தபாலில் சேர்க்கும். ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கணக்குப்பிள்ளை வைத்தது போலத்தான். இந்தச் சாதாரண வேலைதான் சங்கங்களைக் காப்பாற்றியது. விஞ்ஞானிகள் கணக்குப் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினார்கள். நின்றுபோன இதழுக்குச் சொந்தக்காரர்களான ரியாலஜிக்காரர்களும், 1957-இல் மீண்டும் தங்கள் பெயரில் கட்டுரைத் தொகுதி கொண்டுவரும் அளவுக்கு நிமிர்ந்தார்கள்.

கூட்டமைப்பு சொந்தமாகவும் சில இதழ்களைத் தொடங்கியது. கோட்பாடு மட்டும் பேசும் கட்டுரைகளுக்கு வேதியியல் இதழ்களில் இடம் கிடைக்காத நிலையில், 1933-இல் ஹரால்டு யூரேயை ஆசிரியராகக் கொண்டு ‘ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்’ வந்தது. 1948 மே மாதம் ‘ஃபிசிக்ஸ் டுடே’ வந்தது. அதன் முதல் அட்டையில் முகம் கிடையாது. ஆய்வகக் குழாய்கள்மேல் வைத்த ஒரு தொப்பி மட்டும். யாருடையது என்று எழுத வேண்டியிருக்கவில்லை; அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் தொப்பியை எல்லோருக்கும் தெரியும். எந்தச் சங்கத்தில் இருந்தாலும் உறுப்பினர் எல்லோர் வீட்டுக்கும் ஒரே பத்திரிகை போனது. என் கல்லூரி நாள்களில் அதே பத்திரிகை எங்கள் நூலகத்துக்குக் கப்பல் தபாலில், மாதங்கள் பிந்தி வரும். பிந்தினால் என்ன, பழுப்பு உறையைப் பிரிப்பதற்கே நாங்கள் சிலர் காத்திருப்போம்.

இன்று உறுப்புச் சங்கங்கள் பத்து. வானியல், வானிலை, மருத்துவ இயற்பியல், படிகவியல் என்று குடும்பம் விரிந்துவிட்டது. நியூயார்க்கில் இருந்த தலைமையகம் 1993-இல் மேரிலாந்தின் காலேஜ் பார்க்குக்குப் போனது. பழைய வேலை சுருங்கிவிட்டது. அச்சும் தபாலும் போய் எல்லாம் இணையத்துக்கு வந்தபின், பெரிய சங்கங்கள் தங்கள் இதழ்களைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. பதிப்பு வேலையைக் கூட்டமைப்பு 2013-இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. நம் ஆய்வு மாணவர்கள் ஏ.ஐ.பி. என்ற பெயரைப் பெரும்பாலும் அதன் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகளின் வழியாகத்தான் அறிவார்கள். இதற்கிடையே, அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ஆய்வை மக்கள் உடனே இலவசமாகப் படிக்க வழி செய்ய வேண்டும் என்று வெள்ளை மாளிகை 2022-இல் சொன்னது. நியாயமான கட்டளைதான். ஆனால் சந்தாவை நம்பியிருந்த சங்கங்களுக்கு மறுபடியும் 1931-இன் கவலை.

அப்படியானால் கூட்டமைப்பு எதற்கு? அது இப்போது செய்யும் வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் அமெரிக்காவின் இயற்பியல் துறைகளுக்கெல்லாம் படிவம் அனுப்பி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேட்டுத் தொகுக்கிறது. எந்த ஒரு சங்கத்தாலும் தனியாக இதைச் செய்ய முடியாது. அந்த எண்களைப் பார்த்துத்தான், கறுப்பின மாணவர்கள் இயற்பியல் வகுப்பில் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியை அது கையில் எடுத்தது. 2020-இல் வந்த அறிக்கை, குறை மாணவர்களிடம் இல்லை, துறைகளின் சூழலிலும் பண நெருக்கடியிலும்தான் இருக்கிறது என்று நேராகவே சொன்னது. இதற்கான உதவித்தொகைத் திட்டத்தில் பல சங்கங்கள் சேர்ந்து நின்றன.

அதைவிடவும் அருமையானது கூட்டமைப்பின் நீல்ஸ் போர் நூலகம். 1962-இல் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்களை உட்காரவைத்து, மணிக்கணக்காகப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் நம்மவர் குரலும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டு, 1983-இல் நோபல் பெற்ற சந்திரசேகரை 1977-இல் ஸ்பென்சர் வியர்ட் என்ற வரலாற்றாளர் நாள்கணக்கில் பேட்டி கண்டார். அப்போது சந்திரசேகர் நோபல் பெற்றிருக்கவில்லை. பரிசுக்காகக் காத்திருக்காமல் போய்க் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் என்னை நெகிழ்த்துகிறது. குடும்பம், சென்னைப் படிப்பு, கேம்பிரிட்ஜ் எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்து வடிவத்தை இன்று யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

நம் கல்லூரிகளிலும் நாற்பது ஆண்டுகள் ஆய்வகம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். உடைந்த கருவியைச் சொந்தக் கையால் சரிசெய்து மாணவரை ஆளாக்கியவர்கள். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கணிதத்துக்கும் சங்கம் நடத்துகிற நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாவுக்குமுன் ஒரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். போய், பேசச் சொல்லிக் கேளுங்கள்.