துயிலெழுப்பும் சொல்வன்மை

பிறரைத் திருத்தப் புகுவார்க்கு நேரும் முதல் இடையூறு, கேட்போர் செவியடைத்துக்கொள்ளுதலேயாம். 'நீ தவறினாய்' என்று சொல்லத் தொடங்கிய அளவிலேயே நெஞ்சு தாழிட்டுக்கொள்கிறது. இவ்விடையூற்றைப் புலவர் கடக்கும் வகைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அருளிய திருப்பாவையினும் தெளிந்த சான்று யான் கண்டிலேன். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் இவ்வூர்ச் சரிதத்தை ஆமுக்தமால்யதா என்னும் காவியமாகத் தெலுங்கில் பாடினார். ஆதலின், அண்மையிலுள்ள இராஜபாளையத்துத் தெலுங்கு மாணவர்க்கு அவ்வழியாகவும் ஆண்டாள் உறவினளே. நிற்க. இந்நூலை ஈண்டுச் சொல்வன்மை ஒன்றையே நோக்கி ஆராய்வோம்.

நோன்பின் விலக்குகள் 2-ஆம் பாசுரத்தில் உள்ளன: நெய்யும் பாலும் நீக்கல், கண்ணுக்கு மையிடாமை, மலர் சூடாமை, தகாதன செய்யாமை, கோள் கூறாமை. ஔவையாரின் ஆத்திசூடி இத்தகையவற்றை முன்னிலையில் நிறுத்தி ஏவும். ஆண்டாளோ இவ்விலக்குகளையெல்லாம் தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்றுக்களாலேயே சொல்லிச் செல்கின்றாள். மாறியது ஒரு விகுதிதான். ஆயினும் ஏவல் அங்கே சூளுறவாகிவிடுகிறது. விதித்தவளும் விதிக்குட்பட்டாள்.

6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாசுரங்களிலும் சிறுமியர் வீடுதோறும் சென்று, உறங்கும் தோழியரை எழுப்புகின்றனர். எழுந்திரு என்று வாளா கூறாது, வழக்குரைப்பார் போலச் சான்று காட்டுகின்றனர். புட்கள் ஒலித்தன, தயிர் கடையும் ஓசை கேட்டது, எருமைகள் மேயப் பரந்தன, வெள்ளி தோன்ற வியாழன் மறைந்தது. (இக்கோட்குறிப்பைக் கொண்டு அறிஞர் சிலர் கி.பி. 731-ஆம் ஆண்டைக் கணித்துள்ளனர்.) சான்றிற்கும் அசையாதவளிடத்து எள்ளல் பிறக்கிறது. எள்ளலை நகைக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தார் அன்றோ? உன் மகள் ஊமையோ, செவிடோ என்று தாயையே வினவுகின்றனர். தோற்ற கும்பகர்ணன் தன் துயிலை உனக்குத் தந்து போனானோ என்கின்றனர். நம் விடுதி மணிக்கு இத்திறம் இல்லை! 7-ஆம் பாசுரத்தில் ஒருத்தியைப் பித்தி என்று இகழ்ந்த வாய், அப்பாட்டு முடியுமுன் அவளையே தலைவி என்று விளிக்கிறது. இகழ்ச்சி உறைக்கிறது; ஆயினும் புண்படுத்தவில்லை.

யான் பெரிதும் வியப்பது 8-ஆம் பாசுரத்தையே. முன்னே செல்லும் பெண்களைத் தடுத்து நிறுத்தி, உன்னை அழைத்துப்போக வந்து நிற்கின்றோம் என்கின்றனர். மத்தேயு சுவிசேஷத்திலும் பத்துக் கன்னிகைகள் உளர், அவர்களும் உறங்கினர். நள்ளிரவில் கூக்குரல் எழ, எண்ணெயுடைய ஐவர் உட்புகுந்தனர்; பின்னர்க் கதவு அடைபட்டது. அது எச்சரிக்கையின் சொல்வன்மை, அச்சத்தால் விழிப்பூட்டுவது. ஆண்டாளின் சொல்வன்மை வேறு. ஒருத்தியின் உறக்கம் அனைவரையும் தாழ்ப்பிக்கிறது; அவளின்றி அவர் செல்லார். தனக்காகப் பிறர் பனியில் காத்து நிற்பதை அறிந்தும் படுத்திருக்க வல்லார் யாவர்?

15-ஆம் பாசுரம் முழுதும் உரையாடல். வைணவ உரையாசிரியர் இதனை மிகச் சிறப்பித்துப் போற்றுவர். இதுகாறும் உள்ளிருப்போர் மொழி கேட்டிலோம், ஈண்டுக் கேட்கின்றோம். கடிந்து அழையாதீர், இதோ வருகின்றேன் என்கிறாள். உன் பேச்சுத்திறம் யாம் முன்பே அறிவோம் என்கின்றனர் புறத்தார். திறமுடையார் நீவிரே என மறுக்கத் தொடங்கியவள், அன்றி அக்குற்றம் என்னதாகவே இருக்கட்டும் என்று தானே ஏற்கின்றாள். ஒருவரும் வற்புறுத்தவில்லை. வென்றோம் என்று புறத்தாரும் அதனைப் பற்றிக்கொண்டிலர். விரைந்து வா என்பதே அவர் விடை. எல்லாரும் வந்தனரோ என்று வினவுகின்றாள். வந்து எண்ணிப்பார் என்கின்றனர். 16-ஆம் பாசுரத்தில் யாவரும் நந்தகோபன் மாளிகை வாயிலில் நிற்கின்றனர். முன்னெழுந்தவள் எவள், பின்னெழுந்தவள் எவள் என்னும் பேச்சே அங்கில்லை.