வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் கடதாசியில் விழக்கூடாது

வணிகத்துறையில் நல்ல பெறுபேறு எடுத்த தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போகாவிட்டால், இசட் புள்ளி போதாமல் போயிருக்கும் என்று ஊர் பேசி முடித்துவிடும். பதுளை மாவட்டத்தின் பசறை, மடூல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு கதை. புள்ளி போதுமானதாக இருக்கிறது. ஆனால் விருப்பத் தெரிவை, விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கொமியுனிகேஷன் கடைக்காரர் தன் யோசனைப்படி நிரப்பியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. பல்கலைக்கழகக் கடிதம் தோட்டக் காரியாலயத்து மேசையில் கிடந்து, பதிவுத் திகதி முடிந்த பிறகு லயத்துக்கு வருகிறது. பொருளியலோ நிதியோ படித்து வங்கியிலும் திறைசேரியிலும் இருக்க வேண்டிய பிள்ளைகள் கொழும்பில் துணிக்கடைக் கவுண்டரில் நிற்பதற்கு இவைதான் காரணம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலில் நமக்கு உள்ளதைத் தெரிந்துகொள்வோம். முகாமைத்துவம், வணிகம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. பதுளையும் மொனராகலையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த இடம் அல்ல, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலை. "கொழும்பில் நல்ல டியூஷன் இருக்கிறது" என்று உயர்தரத்தை அங்கே மாற்றிக்கொள்ளும் பெற்றோர், பிள்ளை கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியோடு போட்டி போட வேண்டி வரலாம் என்பதை யோசிப்பதே இல்லை. மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் அந்தப் பகுதியை வாசியுங்கள்.

அடுத்தது, எதற்கு விண்ணப்பிப்பது என்ற குழப்பம். மானியங்கள் ஆணைக்குழுவின் பட்டியலில் 'நிதி' என்ற சொல்லைத் தேடிக் காணாமல் விட்டுவிடும் பிள்ளைகள் பலர். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் முகாமைத்துவத்துக்குத் தெரிவாகிப் போன பிறகே நிதி, வணிகப் பொருளியல் போன்ற சிறப்புத் துறைகளுக்குப் பிரிகிறார்கள். கொழும்பில் முகாமைத்துவ, நிதிப் பீடம் இருக்கிறது. களனியின் வணிக, முகாமைத்துவ பீடத்தில் நிதித்துறை இருக்கிறது. பொருளியலோ பேராதனையிலும் கொழும்பிலும் கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. ஆகவே பொருளியல் வேண்டும் என்பவர் 'கலை' என்ற வரியையும் பார்க்க வேண்டும். தன் மூன்று பாடங்களும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று கையேட்டில் சரிபார்க்க வேண்டும். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே தொழில்முயற்சியாண்மையும் முகாமைத்துவமும் ஆங்கில மொழியில் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலத்துக்குப் பயந்து விருப்பத் தெரிவிலிருந்து அதை நீக்கிவிடாதீர்கள். பெறுபேறு வந்ததற்கும் விரிவுரை தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் மாதங்கள் ஆங்கிலத்துக்காகவே இருப்பவை.

விருப்பத் தெரிவில் நடக்கும் பெரிய தவறு, 'எப்படியும் கிடைக்கும்' என்று நினைக்கும் கற்கைநெறியை முதலில் போடுவது. நீங்கள் தகுதி பெறும் தெரிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். கீழே போட்டது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிறகு கேட்க முடியாது. ஆகவே ஆசைப்படும் ஒழுங்கில் போடுங்கள், பயப்படும் ஒழுங்கில் போடாதீர்கள். கிடைத்த இடத்தில் பதிவு செய்துவிட்டால், அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கும் தகுதியைப் பொதுவாக இழக்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கொமியுனிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், கடைக்காரரின் மின்னஞ்சல் வேண்டாம், கடைக்காரரின் தொலைபேசி இலக்கமும் வேண்டாம். கடவுச்சொல் அவரிடம், குறுஞ்செய்தி அவருக்கு, கடை பூட்டினால் உங்கள் பல்கலைக்கழகமும் பூட்டு. பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறக்க ஐந்து நிமிடம் போதும். விண்ணப்பித்து முடித்ததும் அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அனுப்ப வேண்டியதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை அதே பிரதியில் பின் குத்துங்கள்.

தபால் விலாசமும் இதே போன்ற ஆபத்துத்தான். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு மொத்தமாகப் போய், அங்கிருந்து டிவிஷன் டிவிஷனாகப் பிரிகின்றன. அதில் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாடசாலை அதிபர் சம்மதித்தால் பாடசாலை ஊடாக, அல்லது நகரத்தில் நம்பிக்கையான உறவினர் வீட்டு விலாசத்தில் கடிதம் வர ஏற்பாடு செய்யுங்கள். தோட்டத்து விலாசம்தான் என்றால், காரியாலயத்துப் பெரிய கிளாக்கரிடம் பெறுபேறு வந்த நாளிலேயே போய்ச் சொல்லி வையுங்கள்.

இப்போது பெயர். இதில்தான் அதிகம் சீரழிகிறோம். பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டு, பாடசாலையில் தமிழில் எழுதப்பட்டு, அடையாள அட்டையில் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரே தகப்பன் இராமையாவாகவும் ராமய்யாவாகவும் ராமனாகவும் மூன்று ஆளாகிவிடுகிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியாக அடையாள அட்டை எடுக்கும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 'பிறகு பார்ப்போம்' என்று விடுகிறோம். பல்கலைக்கழகப் பதிவு நாளில் சமாதான நீதவானிடம் அவசரமாக ஒரு சத்தியக்கடதாசி எழுதிக்கொண்டு ஓடுகிறோம். அது அன்றைக்குக் காப்பாற்றலாம். பட்டச் சான்றிதழிலும் வங்கி வேலை விண்ணப்பத்திலும் அதே கேள்வி மறுபடி வரும்.

முறையான வழி இதுதான். பிறப்பைப் பதிந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் இருக்கிறார். பெயர் மாற்றத்துக்கும் பதிவிலுள்ள பிழை திருத்தத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் உண்டு. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். போகும்போது பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பழைய அடையாள அட்டைகள், தடுப்பூசி அட்டை இருந்தால் அதுவும் என எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பாடசாலை அனுமதிப் பதிவேட்டுப் பிரதியை மறந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். உயர்தரம் எழுதும் ஆண்டுக்கு முன்பே தொடங்குங்கள், இதற்கு மாதக்கணக்கில் ஆகும். எல்லாக் கடதாசியையும் படம் எடுத்து மின்னஞ்சலில் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடுகளோடு கடதாசிகளும் மண்ணுக்குள் போயின. ஊவா மலையில் இது எந்த மழைக்கும் நடக்கலாம்.

அடுத்து வருமானச் சான்றிதழ். மகாபொல, பர்சரி இரண்டும் இதில்தான் தொங்குகின்றன. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மகாபொல நிதியம், திறமை அடிப்படையிலும் வருமான அடிப்படையிலும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அது கிடைக்காத குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பர்சரி உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. அப்புத்தளையிலிருந்து ஜயவர்தனபுரவுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பணம் இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

ஆனால் சான்றிதழில் என்ன நடக்கிறது? 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தத் தொகையை 25 நாளாலும் 12 மாதத்தாலும் பெருக்கி ஒருவருக்கு 4,05,000 என்றும், தாய் தகப்பன் இருவருக்கும் 8,10,000 என்றும் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை வசதியான வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. 25 நாள் வேலை எந்தத் தோட்டத்தில் எந்த மாதத்தில் கிடைக்கிறது? ஆடி, ஆவணியில் ஊவாவில் காற்றடித்துக் கொழுந்து குறையும்போது வேலை நாள் சுருங்குகிறது. கிலோ நிரம்பாத நாளில் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலைதான் போடுகிறார்கள். அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் 15 பேர் விழுந்த மாதத்தில் கைக்கு வரவேண்டியது 20,250 ரூபாய். அதிலும் சேமலாப நிதியும் மற்றக் கழிவுகளும் போகின்றன.

ஆகவே வாயால் சொல்லிச் சான்றிதழ் எடுக்காதீர்கள். கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொன்றிலும் விழுந்த பேர்களின் எண்ணிக்கையை வட்டமிட்டு, அவற்றின் பிரதிகளோடு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். சீட்டு தொலைந்திருந்தால் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் எனும் வரவுப் பதிவிலிருந்து உறுதிக் கடிதம் கேளுங்கள். தாய் வேலையை விட்டு நின்றிருந்தால் பேர் வெட்டிய கடிதம் வேண்டும். கிராம உத்தியோகத்தர் எழுதியதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குவதற்கு முன், அங்கேயே நின்று தொகையை வாசியுங்கள். தவறு என்றால் அப்போதே சொல்லுங்கள். மேலொப்பம் விழுந்த பிறகு திருத்துவது இரட்டை வேலை. அந்த அலுவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சம்பளச் சீட்டு முன்னால் இருக்கும்போது பெருக்கல் வாய்ப்பாட்டை வைத்து ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிப்பதற்கு உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

இடம் கிடைக்காதவர்களைக் குறிவைத்து வரும் விளம்பரங்களுக்கு வருவோம். 'அரச அங்கீகாரம் பெற்ற நிதி முகாமைத்துவப் பட்டம்' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருப்பதை நம்பித் தாய்மார் கிழமைக் கடன் எடுத்துப் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். கம்பனியாகப் பதிந்திருப்பது அங்கீகாரம் அல்ல. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருப்பது தொழிற்கல்விக்குத்தான், பட்டம் கொடுப்பதற்கு அல்ல. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் பட்டம் கொடுக்க வேண்டுமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். அந்த வர்த்தமானி இலக்கத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று கொழும்பு 7, வோட் பிளேஸ், 20ஆம் இலக்கத்திலுள்ள மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பதில் வரும் முன் பணம் கட்டாதீர்கள். பட்டத்துக்குக் கடன் எடுக்கத்தான் வேண்டும் என்றால், கல்வி அமைச்சின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்துக்கு எந்த நிறுவனங்கள் ஏற்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். அதை விட்டுக் கிழமைக் கடனுக்குப் போவது அம்மாவின் சம்பளத்தை மட்டுமல்ல, அடுத்த பிள்ளையின் படிப்பையும் விழுங்கும். ஏமாற்றப்பட்டிருந்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிடுங்கள். அவர்களின் இலக்கம் 1977.

பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. நிதி படிக்கும் மாணவர்களைத் தேடி வந்து, ஆட்களைச் சேர்த்தால் பணம் பெருகும் என்று சிலர் கூட்டம் வைக்கிறார்கள். பிரமிட் திட்டத்தை வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடை செய்கிறது. அதைத் தொடங்குவதும் நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். சந்தேகம் என்றால் மத்திய வங்கிக்கு 1935 இலக்கத்தில் கேளுங்கள்.

அலுவலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்று இழுத்தால் என்ன செய்வது? தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கும் மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் தகவல் அலுவலர் உண்டு. 'இன்ன திகதியில் நான் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தாமதத்துக்குக் காரணம் என்ன' என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்கான எழுத்து மூல அத்தாட்சியை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதிலும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

தமிழில் எழுதினால் வாங்க மாட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்ல, ஹாலிஎல, பசறை போன்ற பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. மறுப்பவரின் பெயர், பதவி, திகதி மூன்றையும் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். பாரபட்சம் என்று தெரிந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள், இலக்கம் 1996. அதற்கும் நாட்கணக்கு உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஒரு மாதம் கழித்துப் போனால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.