ஆபரேஷனுக்கு முன்னாடி பஸ் வாந்தியைச் சொல்லிடுங்க

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். முந்தின நாள் மயக்க டாக்டர் கேட்டார்: "பஸ்ல போனா வாந்தி வருமா?" அம்மா கூச்சப்பட்டு இல்லைன்னுட்டாங்க. ஊட்டி ரோட்ல கவர் பிடிச்சவன் நான், உண்மையைச் சொல்லிட்டேன்.

சும்மா கேட்ட கேள்வி இல்ல அது. 1999ல வந்த ஆப்ஃபெல் ஸ்கோர்ல நாலே விஷயம்: பெண்ணா, சிகரெட் பிடிக்காதவரா, பயணத்துலயோ பழைய ஆபரேஷன்லயோ வாந்தி வந்திருக்கா, பிறகு மார்ஃபின் மாதிரி வலி மருந்து தேவைப்படுமா. எதுவும் இல்லைன்னா வாந்தி, குமட்டலுக்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம். நாலும் இருந்தா 80. (ஆமா, சிகரெட் பிடிக்கிறவங்களுக்குக் கம்மிதான். அதுக்காக ஆரம்பிச்சுடாதீங்க!)

ரிஸ்க் அதிகம்னா ஒரே மருந்தை நம்ப மாட்டாங்க. மயங்கினதும் டெக்ஸாமெத்தசோன், முடியும்போது ஆன்டன்செட்ரான், மயக்க வாயுவுக்குப் பதிலா நரம்பு வழியா புரொப்போஃபால். அம்மாவுக்கு மூணுமே. ராத்திரி லேசா குமட்டுச்சு. தையல் போட்ட வயித்தோட வாந்தி எடுக்கல.