சாவின் கணக்கு: திருநாதர்குன்று முதல் தேசியப் பதிவேடு வரை

செஞ்சிக்கு வடக்கே அமைந்துள்ள சிங்கவரத்திற்குக் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைக் காணச் செல்வோர் பலர். அவ்வூரை அடுத்த திருநாதர்குன்றின் மீது ஏறுவோர் மிகச் சிலரே. அங்குள்ள பெரும்பாறை ஒன்றில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றில் உள்ள கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறுகிறது. காலத்தால் பிந்திய மற்றொன்று, இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைத் தெரிவிக்கிறது. முன்னது ஏறத்தாழ கி.பி. ஆறாம் நூற்றாண்டினது என்பர். 'ஐ' என்னும் எழுத்து வடிவத்தின் தொன்மையான சான்றாகக் கல்வெட்டறிஞர் அதனைப் போற்றுவதால், தமிழ் பயிலும் மாணாக்கர் அதனை எழுத்தியல் பாடத்தில் அறிந்திருக்கக்கூடும்.

நாம் இங்கு அதனை வேறொரு நோக்கில் காண விழைகிறோம். இறந்தவர் யார், எவ்விடத்தில் இறந்தார், எதனால் இறந்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் அச்சிறு கல்வெட்டு விடையளிக்கிறது. இன்றைய இறப்புப் பதிவேடு கேட்பவற்றுள் வயது, நாள் முதலியன அதில் இல்லை. அவ்வகையில் அது ஓர் இறப்புச் சான்று எனலாம்.

ஆனால் கல்லில் இடம்பெற்றோர் துறவியரும் வீரருமே. செஞ்சியை ஆண்ட தேசிங்குராசன் 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டதை நாட்டார் கதைப்பாடல் இன்றளவும் மறக்கவில்லை. 'போருக்குப் போகாதே' என்று குறிப்புணர்த்தச் சிங்கவரத்து அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கதையும் வழங்குகிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்த எட்டாண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்த குடிமக்கள் எத்தனை பேர்? அதற்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை.

விகிதம் என்பது யாது?

இறந்தோரின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது; எத்தனை பேருள் இறந்தனர் என்பதும் தெரிதல் வேண்டும். இதற்குச் செஞ்சிக் கோட்டையே நல்லதோர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சுக்காரர் 1750-இல் கோட்டையைக் கைப்பற்றி 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். கருநாடகப் பகுதியிலேயே உடல்நலத்திற்கு மிகவும் ஒவ்வாத இடம் செஞ்சி என்று பெயர் பெற்றிருந்ததாக எழுதும் ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஆர்ம், பிரெஞ்சுக்காரர் ஒருபோதும் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கு வைத்திராதபோதும் பத்தாண்டுகளில் 1,200 பேரை இழந்தனர் என்கிறார். இவை முழு எண்களாக இருத்தலின் செவிவழிச் செய்தியாக இருக்கக்கூடும். எனினும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 120 பேர் இறந்திருக்கின்றனர். இருந்தவரோ 100 பேர். ஆயிரவருக்கு 1,200 என்னும் விகிதம் இது. அதாவது ஆண்டொன்றுக்குள் ஒரு படைப்பிரிவு முழுவதும் அழிந்து, அதன் இடத்திற்கு வந்தோரிலும் ஒரு பங்கு மாண்டிருக்க வேண்டும். 1,200 என்று மட்டும் கேட்டால் நமக்குத் தோன்றாத கொடுமை, விகிதமாகக் கேட்கும்போது விளங்குகிறது.

இத்தகைய கணக்கை முதன்முதலில் முறையாகச் செய்தவர் இலண்டன் நகரத்து வணிகரான ஜான் கிரான்ட். பிளேக் நோய்க்கு அஞ்சித் தேவாலயங்கள் வெளியிட்ட இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் அவர் நூல் எழுதினார். அவர் மருத்துவர் அல்லர், துணி விற்பவர்.

முன்சீப்பின் பதிவேடு

நம் நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணி தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் சட்டம் பிறப்பு, இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்தியது. ஊர்தோறும் பதிவேட்டை எழுதியவர் கிராம முன்சீப். வரி தண்டுதல், வழக்கு விசாரித்தல் ஆகியவற்றிற்கிடையே அவர் இதனையும் செய்தார். காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய், விபத்து, பிற என்பனவே அன்றைய தலைப்புகள். காலராவும் அம்மையும் எவர் கண்ணுக்கும் தெரிபவை. ஆகவே அவை ஓரளவு சரியாகப் பதிவாயின. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை 'காய்ச்சல்' என்னும் ஒரே தலைப்பில் அடங்கின. பிரித்தானிய இந்திய அறிக்கைகளில் பாதிக்கு மேற்பட்ட இறப்புகள் காய்ச்சலாகவே காட்டப்பட்டன. மலேரியா, காசநோய், குடற்காய்ச்சல், பிள்ளைப்பேற்றுக்குப்பின் வரும் சுரம் ஆகிய யாவும் அச்சொல்லுள் மறைந்து கிடந்தன.

1918-இல் பரவிய இன்புளுயென்சாவே அப்பதிவேடுகள் கண்ட பெருஞ்சோதனை. இந்தியாவில் அந்நோயால் மாண்டோர் 1 கோடியே 20 இலட்சத்திற்கும் 1 கோடியே 80 இலட்சத்திற்கும் இடைப்பட்டவர் என்று பிற்கால ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மதிப்பீடுகளுக்கிடையே அறுபது இலட்சம் உயிர் வேறுபாடு இருப்பதே பதிவின் நிலையை உணர்த்தும். எழுத வேண்டியவரே நோயில் படுத்திருந்தால் எழுதுபவர் யார்? 1911-க்கும் 1921-க்கும் இடையே நாட்டின் மக்கட்டொகை சற்றுக் குறைந்தது. அப்பத்தாண்டில் இறப்பு விகிதம் ஆயிரவருக்கு 47 அளவில் இருந்தது. மக்கட்டொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் நாடு தேய்ந்த ஒரே பத்தாண்டு அது. 1921-ஐப் 'பெரும்பிரிவினை ஆண்டு' என்று மக்கட்டொகையியலார் குறிப்பிடுவர்.

அதன்பின் வந்த இறக்கம் வியப்புக்குரியது. 1941–51-இல் 27 அளவாக இருந்த விகிதம், 1971-இல் 14.9, 1991-இல் 9.8, 2011-இல் 7.1, 2020-இல் 6.0 என்று வந்தடைந்தது. குழந்தை இறப்போ 1971-இல் ஆயிரம் பிறப்புக்கு 129 ஆக இருந்து 2020-இல் 28 ஆயிற்று. பெரியம்மை 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவை விட்டு நீங்கியது.

இரண்டு பட்டியல் முறை

1971 முதலான எண்களை எங்ஙனம் பெற்றனர் என்பது அறியத்தக்கது. ஊர்ப் பதிவேடுகளில் பல இறப்புகள் விடுபடும் என்பதை அரசு அறிந்திருந்தது. ஆகவே நாடெங்கும் மாதிரிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் நுணுகிக் கணக்கிடும் 'மாதிரிப் பதிவு முறை' 1960-களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, 1969–70-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூரில் வாழும் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்து வருவார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வேறொருவர் வீடுவீடாகச் சென்று தாமே தனியாகக் கணக்கெடுப்பார். பின்னர் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, ஒத்துவராதவற்றை நேரில் சென்று சரிபார்ப்பர்.

இதற்கு அடிப்படையான கருத்தை 1949-இல் வெளியிட்ட இருவருள் ஒருவர் நம் நாட்டவரான சந்திரசேகரன். மற்றவர் அமெரிக்கரான டெமிங். முதற்பட்டியலில் 90 இறப்புகள், இரண்டாவதில் 80, இரண்டிலும் இருப்பவை 72 என்று கொள்வோம். இரண்டாமவர் கண்ட எண்பதுள் முதல்வர் கண்டவை 72. அஃதாவது முதல்வர் பத்துக்கு ஒன்பதைக் காண்கிறார். அவர் கண்டவை 90 எனில், உண்மையில் நிகழ்ந்தவை 100 ஆதல் வேண்டும். எனவே இருவருமே காணாத இறப்புகள் இரண்டு. காணாதவற்றையும் எண்ணிவிடும் இவ்வழி, கணிதத்தில் நாட்டமில்லாதோரையும் கவரும் என்பது எம் துணிபு.

விழுப்புரத்தார் உலகுக்குச் சொன்னவை

எத்தனை பேர் என்பதனினும் எதனால் என்பதே கடினமான வினா. வீட்டில் இறந்தவரை மருத்துவர் பார்ப்பதில்லை. 'வயோதிகம்', 'மாரடைப்பு' என்று வந்தவர் சொல்வதே பதிவாகிறது. நாட்டில் 2020-இல் பதிவான இறப்புகளுள் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே.

இக்குறையை நீக்கும் முயற்சியில் செஞ்சி வட்டம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோவும், சென்னை நகரில் 1995–97-இல் இறந்த 48,000 பெரியவர்களையும் விழுப்புரம் கிராமப்புறங்களில் 1997–98-இல் இறந்த 32,000 பெரியவர்களையும் பற்றி 'வாய்மொழி உடற்கூறாய்வு' நடத்தினர். பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவர் வீட்டிற்குச் சென்று, உடனிருந்து பணிவிடை செய்தோரிடம் கேட்பர்: இருமல் எத்தனை நாள்? சளியில் இரத்தம் வந்ததா? உடல் மெலிந்ததா? நெஞ்சுவலி எவ்வளவு நேரம்? அவர்கள் எழுதிவந்த அறிக்கையைப் படித்து மருத்துவர் காரணத்தை முடிவு செய்வர். காரணம் தெரியாதவை என விடப்பட்ட இறப்புகள் இம்முறையால் நகரில் நூற்றுக்கு 54-லிருந்து 23 ஆகவும், கிராமத்தில் 41-லிருந்து 26 ஆகவும் குறைந்தன.

இவ்வாய்வுகளின் வழியே, இந்தியாவில் ஆடவர் காசநோய் இறப்புகளுள் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்னும் முடிவு 2003-இல் வெளியாயிற்று. காசநோயென்றால் கிருமி மட்டுமே என எண்ணியிருந்த மருத்துவ உலகிற்கு அது புதுச் செய்தி. கணவனையும் தந்தையையும் இழந்த கிராமத்து மக்கள், அவர் பிடித்த பீடியின் கணக்கைக் கேட்டவர்க்குச் சொன்னதனாலேயே அது வெளிப்பட்டது.

மற்றொரு முடிவு நெஞ்சை வருத்துவது. விழுப்புரத்தில் தற்கொலை இறப்பு இலட்சத்திற்கு 62 என்று அதே களத்தில் நடந்த ஆய்வு கண்டது. காவல்துறைக் கணக்கின்படியான நாட்டுச் சராசரியோ அக்காலத்தில் 11 அளவில் இருந்தது. 15 முதல் 24 வரையிலான வயதில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக இறந்திருந்தனர். வழக்குக்கும் பழிக்கும் அஞ்சி 'வயிற்றுவலி' என்று எழுதப்பட்ட இளம்பெண்களின் சாவு, குடும்பத்தார் மனம்விட்டுப் பேசிய பின்னரே கணக்கில் ஏறியது. மறைத்ததைக் குற்றமாகக் கூற நமக்கு மனமில்லை. ஆனால் கணக்கில் வராத துயரைத் தீர்க்கத் திட்டமும் வராது.

இதே முறை நாடு தழுவிய 'பத்து இலட்சம் இறப்பு ஆய்வாக' 1998 முதல் 2014 வரை நடந்தது. 2005-ஆம் ஆண்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 46,000 என்று அது கண்டது. மருத்துவமனைக் கணக்கோ ஈராயிரத்தைக்கூட எட்டவில்லை.

காரணங்கள் மாறிய கதை

1990-இல் தொற்றுநோய், பேறுகால நோய், ஊட்டக்குறை ஆகியவை இந்திய இறப்புகளுள் நூற்றுக்கு 53.6 பங்கு, 2016-இல் அவை 27.5 ஆயின. இதயநோய், நீரிழிவு, புற்று முதலிய தொற்றா நோய்கள் 37.9-லிருந்து 61.8 ஆக உயர்ந்தன. 2021–23-க்கான அரசு அறிக்கை, இதய இரத்தநாள நோய்களை மட்டும் நூற்றுக்கு 31 என்று காட்டுகிறது.

எண்களைப் படிப்போர் ஏமாறக்கூடிய இடமொன்று உண்டு. 2020-இல் கேரளத்தின் இறப்பு விகிதம் 7.0, தமிழகத்தினது 6.1, பீகாரினது 5.4. எனில் பீகார் மக்களே நலமிக்கோர் என்று கொள்ளலாமா? குழந்தை இறப்பு கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியோர் மிகுதி, அவ்வளவே. முதியோர் நிறைந்த வீட்டில் சாவு மிகுதியாவது இயற்கை.

கொரோனாவின் கணக்கும் இங்ஙனம் நுணுகி நோக்கத்தக்கது. 2019-இல் 76 இலட்சமாகவும் 2020-இல் 81 இலட்சமாகவும் இருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 102 இலட்சமாயின. கொரோனா இறப்பாக 2021 இறுதிவரை அரசு அறிவித்ததோ 5 இலட்சத்திற்குள். உலக சுகாதார நிறுவனம் ஈராண்டு மிகை இறப்பை 47 இலட்சம் என மதிப்பிட்டது. அதனை இந்திய அரசு ஏற்கவில்லை. பதிவு மேம்பட்டதும் உயர்வுக்கு ஒரு காரணம் என்பது அரசின் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் ஓராண்டில் இருபது இலட்சத்துக்கு மேல் உயர்ந்ததை அது ஒன்றே விளக்கிவிடும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஊர்ப் பெரியோர் இதில் செய்யக்கூடியது யாது? பள்ளிவாசல் ஜமாஅத்துகள் பலவற்றில் அடக்கம் பற்றிய பதிவேடு உண்டு. பெயரும் தந்தை பெயரும் நாளும் அதில் இருக்கும். வயதையும், நோய் இருந்த காலத்தையும் சேர்த்தெழுத இரு கட்டங்கள் கூடினால் போதும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் கடமை. நம் ஊர்களில் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்கலாம். சொத்தோ ஓய்வூதியமோ இல்லாத பெண்களின் இறப்புக்குச் சான்று வாங்க எவரும் விரைவதில்லை. ஆகவே அவர்கள் இறப்பு ஆடவருடையதைக் காட்டிலும் குறைவாகவே பதிவாகிறது. காரணத்தைச் சொன்னால் குடும்பத்திற்கு இழுக்கு நேருமோ என்று தயங்குவோர்க்கு ஒன்று கூறலாம்: நமக்கு வழங்கப்படும் இறப்புச் சான்றிதழில் காரணம் குறிக்கப்படுவதில்லை. அதனை வெளியிடலாகாது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பதிவாளரிடம் சொல்லப்படும் காரணம் எண்ணிக்கைக்கு மட்டுமே பயன்படும்.