கரையோர இயந்திரங்கள் – 14: டேங்க் மூடியில் ஒரு திருகு

சென்ற வாரம் பெட்ரோல் ஹோஸ் வெடிப்பதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடச் சிறிய பொருள். சிவப்பு பிளாஸ்டிக் டேங்க்கின் மூடி நடுவே, விரல் நுனி அளவில் ஒரு திருகு இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். வேறு வேலை எதுவும் அதற்கு இல்லை. ஆனால் ஜொகூர் கரையில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போகிறவர்கள் எல்லாருக்கும் இந்தத் திருகு அத்துப்படியாக இருக்க வேண்டும் என்பேன்.

மாமாக் கடையில் தே தாரிக் கலக்குபவர் பால் டின்னில் ஒரு துளை போட்டு நிறுத்துவதில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்றும் போடுவார். ஒன்றில் பால் இறங்க, மற்றதில் காற்று ஏற வேண்டும். படகு டேங்க்கிலும் இதே கதைதான். இன்ஜின் ஒரு லிட்டர் பெட்ரோலை உறிஞ்சினால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். திருகு மூடிக் கிடந்தால் காற்றுக்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். அவுட்போர்டு இன்ஜினில் இருக்கும் சின்னப் பம்ப்புக்கு அதை எதிர்த்து இழுக்கும் பலம் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் இன்ஜின் சீக்கிரம் நிற்கும். பாதி டேங்க் என்றால் மேலே காற்று நிறைய இருக்கிறது, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். முழு டேங்க்கில் மேலே இருப்பதே ஓரிரண்டு லிட்டர் இடம். நாற்பது குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர். மெர்சிங்கில் ஆற்றுக்குள் மெதுவாகத்தான் போவோம், குறை தெரியாது. முகத்துவாரம் தாண்டி, வேகத்தைக் கூட்டிய சில நிமிடங்களில் இன்ஜின் இருமும், இறங்கும், நிற்கும். அந்த இடம் ஆழம் குறைந்தது. நீர் வற்றினால் தியோமான் போகும் ஃபெர்ரிகளே ஏற்றத்துக்குக் காத்திருக்கின்றன. அங்கே, அலை உடையும் இடத்தில், இன்ஜின் இல்லாத படகு பக்கவாட்டில் திரும்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும். பம்ப் ஓய்ந்ததும் காற்று எங்கிருந்தாவது கசிந்து உள்ளே போயிருக்கும். அதனால்தான் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. பிளக் மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், புதுப் பம்ப்பும் வாங்கிப் போடுவார்கள். அதற்கு முன் ஹோஸ் நடுவே இருக்கும் ரப்பர் குமிழைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக, கெட்டியாக இருந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். வயிறு ஒட்டித் தட்டையாக இருந்தால் கோளாறு டேங்க் பக்கம். மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குமிழ் உப்பி, இன்ஜினும் சீராகிவிட்டால் மெக்கானிக் தேவையில்லை.

வெயிலில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பத்து பாகை சூடேறினால் 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு லிட்டர் விரியும். விடியலில் நிரப்பிய 24 லிட்டர் டேங்க் மதியம் இருபது பாகை கூடுதலாகச் சூடானால், அரை லிட்டர் அளவுக்கு விரிவு. அதோடு ஆவியின் அழுத்தம் வேறு. திருகு மூடியிருந்தால் டேங்க் பலூன்போல் உப்பிவிடும். அந்த நிலையில் ஹோஸை மாட்டினால் பெட்ரோல் தானே பீறிட்டு, கார்புரேட்டர் நிரம்பி, இன்ஜின் மூடிக்குள் வழியும். எனவே முதலில் திருகை மெல்லத் திறந்து காற்றை விடுங்கள், ஹோஸ் பிறகு. விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் இதே டேங்க்கில் துளையே கூடாது என்றிருந்தது. 1949-ல் அமெரிக்காவின் ஜான்சன் நிறுவனம் பத்துக் குதிரைத்திறன் இன்ஜினுக்குத் தனி டேங்க் கொடுத்தபோது இரண்டு ஹோஸ்கள் இருந்தன. ஒன்று இன்ஜினிலிருந்து காற்றை டேங்க்குக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் மற்றதன் வழியே பெட்ரோல் ஏறும். இன்ஜினிலேயே பம்ப் வந்தபின் ஒரு ஹோஸ் போதும் என்றானது, காற்றுத் துளையும் அவசியமானது. 2011 முதல் அமெரிக்காவில் விற்கும் டேங்க்குகள் ஆவி வெளியேறாதபடி குறிப்பிட்ட அழுத்தம்வரை தாமே மூடிக்கொள்ளும். இணையத்தில் அந்த வகையை வாங்கியவர்கள் டேங்க் உப்புவதைக் கண்டு பதற வேண்டாம்.

படகின் உடலோடு சேர்ந்த நிலையான டேங்க்கில் திருகு கிடையாது. டேங்க் உச்சியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே ஏறி வளைந்து, படகின் வெளிப்பக்கத்தில் சின்ன வாயோடு முடியும். அந்த வாயில் நுண்ணிய கம்பி வலை இருக்கும். வெளியே தீப்பொறி பட்டாலும் சுடர் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அடைக்கிறதே என்று பிடுங்கி எறியாதீர்கள், கழுவுங்கள்.

நம் கிழக்குக் கரையில் அடைப்புக்கு ஒரு பருவம் உண்டு. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் ராவா, பெசார், சிபு தீவுகளுக்குப் போக்குவரத்து அடங்கிவிடும். சின்னப் படகுகள் மாதக்கணக்கில் கரையேறிக் கிடக்கும். வலை கிழிந்த குழாய் வாய் மண்குளவிக்குப் பிடித்த இடம். ஈர மண்ணை உருட்டி வந்து அடைத்து, உள்ளே முட்டையிட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்த சேறு தெறித்ததுபோல்தான் தெரியும். வலை இருந்தாலும் உப்புப் பொருக்கு ஏறும், பெயிண்ட் அடிக்கிறவர் கவனிக்காமல் மேலேயே பூசிவிட்டுப் போவார். மார்ச்சில் முதல் தடவை பெட்ரோல் நிரப்பும்போது பம்ப் முனை ‘டக் டக்’ என்று அடிக்கடி நின்றால், நிரப்பு வாயில் நுரை பொங்கினால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயை. நடுவில் எங்காவது தொய்ந்து, வளைவில் பெட்ரோல் தேங்கியிருந்தாலும் அடைப்பு அடைப்புதான்.

சிலர் வெளியே ஒழுகுகிறதே என்று குழாயின் வாயைப் படகுக்குள் திருப்பி வைக்கிறார்கள். இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, படகின் அடியில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட வேண்டாம், பேட்டரி முனையில் ஒரு பொறி போதும். உள்ளே இன்ஜின் உள்ள பெட்ரோல் படகுகளுக்கான அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி, நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் வேகத்தில் வழிந்தாலும் ஒரு சொட்டு படகுக்குள் வரக்கூடாது என்கிறது. அந்த விதி நம்மைக் கட்டாது. ஆனால் நெருப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் டேங்க்கைக் காரில் ஏற்றும்போது திருகை மூடுங்கள். பெட்ரோல் நிரப்பும்போது படகிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மெர்சிங்கோ பெங்கெராங்கோ போகிறவர்கள், படகுக் கயிற்றை அவிழ்க்குமுன் அந்தத் திருகைத் திறந்துவிட்டு, கூட வரும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் அவசர எண் 999.

(தொடரும்)