பேருந்தில் எத்தனை பேர்?

கோரிமேட்டில் ஜிப்மர் வாயிலருகே காலை ஒன்பது மணிக்குச் சற்று நின்று பாருங்கள். திண்டிவனம் சாலையில் வண்டிகள் ஓடும், நிற்கும், மீண்டும் கிளம்பும். நகரங்களில் எரிபொருள் பெருமளவு வீணாவது இவ்வாறு நின்று கிளம்புவதில்தான்.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். ஓட்டுபவரோடு 1,100 கிலோ நிறையுள்ள கார், மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர், வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 55,000 ஜூல். பிரேக் போட்டதும் அத்தனையும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். அறுபது பேரோடு 14,000 கிலோ நிறையுள்ள பேருந்துக்கு இது 7,00,000 ஜூல். ஆளுக்குச் சுமார் 11,700 தான்!

ஆனால் அதே பேருந்தில் பத்துப் பேர் மட்டும் இருந்தால்? நிறை 11,000 கிலோ. ஆளுக்கு 55,000 ஜூல். தனியாளாய்க் காரில் போவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

“ஸ்கூட்டருக்கு 8,500 ஜூல் போதுமே, ஐயா” என்று மாணவர்கள் மடக்குவதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிறிய பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது; டீசல் எஞ்சினோ மூன்றில் ஒரு பங்கை. கணக்கிட்டால் ஸ்கூட்டருக்கு 42,500, நிறைந்த பேருந்தில் ஆளுக்கு 35,000 என வருகிறது. வெற்றி பேருந்துக்கே, எனினும் மயிரிழையில்தான். அறுபது ஸ்கூட்டர்கள் அடைத்துக்கொள்ளும் சாலையை நினைத்தால் ஐயம் தீரும்.

தண்டவாளத்தின் கதை வேறு. எஃகின்மேல் எஃகு உருளும்போது ஏற்படும் தடை, சாலையில் ரப்பர் சக்கரத்துக்கு உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. சென்னை இதை முன்பே அறிந்திருந்தது. 1895-இல் அங்கே மின்சார டிராம் ஓடியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. டிராமை 1953-இல் நிறுத்திவிட்டார்கள். இன்று எண்ணினால் வருத்தமாகத்தான் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய மெட்ரோவில் இன்னொரு நன்மையும் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. அருகில் வேகமெடுக்கும் மற்றொரு ரயிலுக்கு அது பயன்படும்.

ஆனாலும் பெட்டி காலியாக ஓடினால் பழைய கணக்கே திரும்பி வரும். அரைமணி காத்திருக்க வேண்டுமென்றால் எவரும் ஸ்கூட்டரை வீட்டில் விடமாட்டார். அடிக்கடி வண்டி வரவேண்டும். நிலையம்வரை நடந்துபோக நடைபாதையும் வேண்டும். மெட்ரோவுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நடைபாதைக்கு ஆவது மிகச் சொற்பம். அதையும் கடைகளும் நிறுத்திவைத்த வண்டிகளும் பிடித்துக்கொண்டால், மக்கள் ஸ்கூட்டர் சாவியைத்தான் எடுப்பார்கள்.